தாழிட்ட அறையின் ஈரம்

ஸ்ரீ

ஏழு மலைகளையும் படிகளாக்கி நம் கண்ணெட்டும் உயரத்தில் நின்றருளும் வேங்கடவன் திருவடி நிழல் நம் இரு இல்லங்களையும் காக்க. நாகலாபுரத்தில் மீனாய்த் தோன்றி மறைகளை மீட்ட வேதநாராயணன் நம் குலத்தை மறவாதிருக்க.

திருப்பதி,
27.8.2023

அண்ணன் ஆதிநாராயணன் அவர்களுக்கும் அண்ணி ஜெயம்மாவுக்கும் தங்கை வேதவல்லி தண்டன் சமர்ப்பித்து எழுதும் விண்ணப்பம்.

இங்கு நான், மகன் வேணு, மருமகள் பவ்யா மூவரும் பெருமாள் கிருபையால் இருக்கிறோம். சித்தூரில் உங்கள் இருவரின் நலத்துக்கும், அண்ணியின் சர்க்கரை எந்த அளவில் நிற்கிறது என்பதற்கும் பதில் எழுதுங்கள். தொலைபேசியில் கேட்கலாமென்றால், நான் கத்துவது இந்த அடுக்ககம் முழுவதற்கும் கேட்கிறது. உங்கள் செவிக்கு மட்டும் எட்டுவதில்லை. ஆகவே பழையபடி கடிதமே நமக்கு உற்றது.

நற்செய்தி முதலில். பவ்யாவுக்கு நான்காம் மாதம் நடக்கிறது. மணமாகி இத்தனை ஆண்டுகள் கழித்துப் பெருமாள் கண்திறந்திருக்கிறார். தாயைச் சிறுவயதிலேயே இழந்த பெண் ஆதலால், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்துக்கு இங்கே வழியில்லை. பிரசவம் என் கண்முன், இந்த வீட்டில் என்று தினமும் சந்நிதியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு ஓர் இடையூறு வந்திருக்கிறது. கூடத்தை ஒட்டிய குளியலறைச் சுவரில் மிளகுப்பொடியைத் தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சணம். தேய்த்தால் போகிறது, சில நாளில் முன்னிலும் அகலமாக வருகிறது. அந்தச் சுவரின் மறுபக்கம் பவ்யாவின் படுக்கையறை. கட்டிலின் தலைமாடே அதுதான். அவளுக்குச் சிறுவயது முதல் மூச்சிரைப்பு உண்டு என்பதை அறிவீர்கள். இப்போது விடியுமுன்னரே இருமத் தொடங்குகிறாள். டாக்டரம்மாள் வீட்டைப் பற்றி விசாரித்துவிட்டு, “அந்த பூஞ்சணம் போவலன்னா இந்தப் பொண்ணு அந்த வூட்ல இருக்கக் கூடாதும்மா. வேற எங்கனா அனுப்பிடுங்க” என்றார். பெங்களூரில் இருக்கும் அவள் அக்கா ஹரிதா, “இங்க வந்துடு” என்று தினமும் அழைக்கிறாள்.

அந்தக் குளியலறையை நான் ஒருத்திதான் பயன்படுத்துகிறேன். அவர்கள் அறையோடு சேர்ந்து அவர்களுக்கென்று வேறொன்று உண்டு. விடியலில் நீராடி, பெருமாளுக்குத் தளிகை சமைத்து, அமுது செய்வித்து, நாங்களும் உண்டு முடித்தபின் அந்த அறையைத் தாழிட்டுவிட்டால் மறுநாள் விடியல்வரை யாரும் அதைத் திறப்பதில்லை. பின் ஈரம் எங்கிருந்து வருகிறதோ அறியேன். கட்டடப் பிரிவில் ஓவர்சியராக இருந்து எத்தனையோ சுவர்களை எழுப்பியவர் நீங்கள். இந்த ஒரு சுவருக்கு வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு, அடியாள்
வேதவல்லி


சித்தூர்,
5.9.2023

தங்கை வேதவல்லிக்கு ஆசீர்வாதம்.

பெருமாள் அருளால் இங்கு க்ஷேமம். ஜெயம்மாவின் சர்க்கரை சற்று ஏறி இறங்குகிறது. நாக்கு இறங்க மறுக்கிறது. பவ்யாவின் செய்தி படித்துக் கண் நிறைந்தேன். வயிற்றிலுள்ள சிசு தீர்க்காயுளுடன் விளங்கட்டும்.

இனிச் சுவருக்கு வருகிறேன். காய்ந்த நிலையில் பூஞ்சணத்தைத் தேய்க்காதே. தேய்த்தால் தூளாகப் பறந்து மூச்சில் ஏறும். முதலில் நீர் தெளித்து நனை. பிளீச்சிங் பவுடரை நீரில் தளரக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்துச் சுவரில் பூசி, சற்று ஊறவிட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவு. ஓடுகளின் இடுக்கில் வெள்ளைச் சிமெண்டு இருக்குமே, வேர் அங்கேதான் ஒளியும். அந்த நீரோடு கழிப்பறை ஆசிட்டை ஒருபோதும் கலக்காதே. எழும் புகை நஞ்சு. மூக்கைத் துணியால் கட்டிக்கொள். அந்த நேரம் பவ்யா வீட்டிலேயே இருக்கலாகாது. வேணு அவளைக் கோயிலுக்கு அழைத்துச் செல்லட்டும்.

சுவரின்மேல் பெயிண்டு அடித்து மறைக்கலாம் என்று எவனாவது சொன்னால் கேளாதே. ஈரத்தின் ஊற்றை அடைக்காமல் மேலே எதைப் பூசினாலும் அது உரிந்து விழும். மேல்வீட்டுக் குழாய் கசிகிறதா என்று ஆள் வைத்துப் பார்.

இதை எழுதும்போது ஜெயம்மா பின்னால் நின்று, “உங்க தங்கச்சி வூட்டு செவுத்துக்கு இங்கேருந்தே வைத்தியம் சொல்றீங்க. நம்ம மோட்டார் ரூம்ல தண்ணி ஒழுவிக்கினே கீதே, அத எந்த ஜென்மத்துல பாக்கப் போறீங்க?” என்கிறாள். எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னாள். அது மட்டும் கேட்டுவிட்டது.

ஆசிகளுடன்
ஆதிநாராயணன்


திருப்பதி,
20.9.2023

அண்ணன் அவர்களுக்கு அடியாள் தண்டன். இங்கு யாவரும் நலம். அங்கு அண்ணியின் நலம் அறிய ஆவல். பிரம்மோற்சவக் கூட்டத்தில் ஊரே மிதக்கிறது. ஆட்டோ கிடைக்காமல் வேணு இரண்டு நாளாகப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வருகிறான்.

நீங்கள் எழுதியபடியே செய்தேன். சுவர் சங்குபோல் வெளுத்தது. குழாய் பார்ப்பவர் ரங்கையா என்பவரையும் அழைத்தோம். அவர் உள்ளே நுழைவதற்கு முன் அறையை ஒழித்துக் கொடுக்க எனக்குச் சற்று நேரமாயிற்று. மேல்வீட்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “அம்மகாரு, பைன லீக்கே லேது. பைப்பு எல்லாம் பாகுந்தி” என்றார். மேலே கசிவே இல்லையாம். பிறகு ஜன்னலைக் காட்டி மூக்கைச் சுளித்து, “கிட்டிகி எதுக்கு இப்டி மூடி வெச்சிக்கினு கீறீங்க? புதையலா வெச்சிருக்கீங்க உள்ள?” என்று சிரித்தார். புறா வரும் என்றேன். “புறா இன்னா, உங்க சோப்ப துன்னுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

சுவர் வெளுத்து அரைமாதம் ஆகவில்லை. நேற்று விடியலில் விளக்கைப் போட்டேன்; மூலையில் மறுபடியும் அதே மிளகுப்பொடி. பவ்யாவின் அறைப்பக்கம் பெயிண்டு கொப்புளித்திருக்கிறது. அவள் கட்டிலைத் தள்ளிப்போட்டுக்கொண்டாள். கேட்டால், “காத்துக்குத்தான் அத்தை” என்கிறாள். இருமல் மட்டும் தள்ளிப் போகவில்லை.

அடியாள்
வேதவல்லி


சித்தூர்,
2.10.2023

தங்கை வேதவல்லிக்கு ஆசீர்வாதம். ஜெயம்மாவுக்குக் கால் சற்று வீங்கியிருக்கிறது. மற்றபடி நாங்கள் இருவரும் சுகம். உன் உடல் எப்படி? பவ்யாவைப் பற்றி எழுதுகிறாய், வேணுவைப் பற்றி எழுதுகிறாய். உன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மேலிருந்து கசிவில்லை. விடியலில் ஒரு வாளி நீரில் நீ ஒருத்தி குளிக்கிறாய். அந்த ஈரம் உச்சிப்பொழுதுக்குள் உலர்ந்துவிட வேண்டும். உலரவில்லை, சுவரைத் தாண்டி அடுத்த அறைவரை ஊறுகிறது. என் உத்தியோகக் காலத்தில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. தாழிட்ட அறைக்குள் நீர் தானாக உண்டாவது புராணத்தில் நடக்கலாம். சிமெண்டுச் சுவரில் நடவாது.

ஆகவே சில கேள்விகள். ஜன்னலை நாளெல்லாம் திறந்துவைத்தால் என்ன? காற்றை வெளியே தள்ளும் விசிறி அங்கே உண்டா? குளித்தபின் சுவர் நீரை ரப்பர் வைப்பரால் வழித்துவிடுகிறாயா? கடைசியாக, தாழிட்டபின் மறுநாள்வரை அந்த அறையில் என்ன இருக்கிறது? வாளியா, நனைந்த மிதியடியா, வேறெதுவா? நான்குக்கும் விடை எழுது.

ஆசிகளுடன்
ஆதிநாராயணன்


திருப்பதி,
21.10.2023

அண்ணன் அவர்களுக்கு அடியாள் தண்டன். நவராத்திரி நாள்கள் பெருமாள் கிருபையால் நடக்கின்றன. அண்ணியின் கால்வீக்கம் வடிந்ததா? நான் நலமாகவே இருக்கிறேன். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பதில் தாமதமானதற்குப் பொறுத்தருள்க. ஜன்னலைத் திறப்பது பற்றி யோசிக்கிறேன். விசிறி இல்லை, சுவரில் வட்டத் துளை மட்டும் விட்டு அட்டையால் மூடியிருக்கிறார்கள். வைப்பர் வாங்கிவிட்டேன், தினமும் வழிக்கிறேன். இவையே நீங்கள் கேட்டவற்றுக்கு விடை.

பவ்யாவின் நிலைதான் வருத்தம். சென்ற வாரம் மூச்சு இழுத்து, வாயில் வைத்து உறிஞ்சும் மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஹரிதா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். கார்த்திகை முடிவில் வளைகாப்பு. அதற்கு வருவாள், அன்றே தங்கையைப் பெங்களூருக்கு அழைத்துப்போவாள், பிரசவம் அங்கே. “எங்க பெத்தா இன்னாமா? உசிரோட பெக்கணும், அவ்ளோதான்” என்கிறான் வேணு. அவன் சொல்வது சரி.

தாயில்லாத பெண் என்றேனே அண்ணா. ஒன்பது ஆண்டுகளாக என்னைத்தான் அவள் அந்த இடத்தில் வைத்திருக்கிறாள். இந்த நேரத்தில் என் வீட்டுச் சுவர் அவளை வெளியே அனுப்பினால், பிறகு நான் யாருக்கு என்ன உறவு? தீபாவளி கழிந்து ஒருமுறை வந்து நேரில் பாருங்கள்.

அடியாள்
வேதவல்லி


சித்தூர்,
24.11.2023

தங்கை வேதவல்லிக்கு ஆசீர்வாதம்.

உன் வீட்டிலிருந்து புறப்பட்டு அன்றே சுகமாக வந்து சேர்ந்தேன். சந்திரகிரி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நீ கட்டிக்கொடுத்த புளியோதரையை ஜெயம்மாவுக்கு ஒரு பிடி மட்டும் கொடுத்தேன். மீதியைப் பற்றிக் கேட்கிறாள்.

குளியலறையைப் பார்த்தேன். அட்டையை எடுத்துவிட்டு அந்தத் துளையில் எக்ஸாஸ்ட் விசிறி பொருத்த வேணுவிடம் சொல். படுக்கையறைப் பக்கம் கொப்புளித்த பெயிண்டை நனைத்துச் சுரண்டி, நன்றாக உலர்ந்தபின் பூஞ்சணம் தாங்கும் பிரைமர் பூசி, அதன்மேல்தான் வர்ணம். அல்லது சுண்ணாம்பே அடிக்கலாம். சுண்ணாம்பில் அது எளிதில் பிடிக்காது. உலர்வதற்கு முன் பூசாதே.

வேறு விசேஷமில்லை. உன் உடலைப் பார்த்துக்கொள்.

ஆசிகளுடன்
ஆதிநாராயணன்


சித்தூர்,
2.12.2023

தங்கை வேதவல்லிக்கு ஆசீர்வாதம்.

முன் கடிதத்துக்குப் பதில் காணோம். புயல் வருகிறது என்கிறார்கள். பவ்யா எப்படி இருக்கிறாள்? நீ எப்படி இருக்கிறாய்? ஜெயம்மாவுக்குக் கால் மறுபடி வீங்கிவிட்டதால் வளைகாப்புக்கு நாங்கள் வர இயலாதுபோல் இருக்கிறது. வளையல்களை மட்டும் நாகலாபுரம் பெருமாள் சந்நிதியில் வைத்து எடுத்து அனுப்புகிறேன். ஒரு வரியேனும் எழுது.

ஆதிநாராயணன்


திருப்பதி,
10.12.2023

அண்ணன் அவர்களுக்கு அடியாள் தண்டன். புயல் கடந்துவிட்டது, யாவரும் பத்திரம். அண்ணிக்குக் கால் தேறட்டும்.

பதில் எழுதாமல் இருந்தது மனஸ்தாபத்தால் அன்று. கண்ணால் கண்டபின் எழுதலாம் என்று காத்திருந்தேன்.

நீங்கள் போனபின் எழுதிய கடிதத்தில் விசிறி இருந்தது, சுண்ணாம்பு இருந்தது, பிரைமர் இருந்தது. அறைக்குள் என்ன இருக்கிறது என்று முன்பு கேட்டவர், நேரில் வந்து போனபின் அதை மீண்டும் கேட்கவில்லை. விடை பெறாத கேள்வியை விட்டுவிடும் ஆள் இல்லை நீங்கள். பார்த்துவிட்டீர்கள் என்று அறிந்துகொண்டேன்.

ஆம், என் மடிப்புடவைதான். பெருமாள் தளிகைக்கு உடுக்கும் புடவையைத் தினமும் நனைத்து, யார் கையும் படாமல் உலர்த்த வேண்டும் என்று அம்மா நமக்கு விதித்ததைக் காத்துவருகிறேன். பால்கனியில் எல்லோர் துணிகளும் தொங்குகின்றன. உரசாமல் இருக்க உயரக் கொடி கட்டி, கோலால் ஏற்ற வேண்டும். பங்குனி முதல் என் வலத்தோள் மேலே எழவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், “தளிகைய வுட்டுடும்மா, ஆள் வெச்சிக்கலாம்” என்பான் வேணு. குளியலறைத் திரைக்கம்பி தாழ்வாக இருந்தது. நீரொழுகப் புடவையை அதில் விரித்து, புறா தீண்டாமல் ஜன்னலைச் சாத்தி, எவரும் தொடாமல் கதவைத் தாழிட்டேன். பட்டாயின் தினம் நனைக்க வேண்டாம் என்பீர்கள்; உயிரைக் கொன்று எடுப்பது என்று நைனா காலம் முதல் நம் வீட்டில் பட்டு உடுப்பதில்லையே.

மடி என்று பெயரிட்டபின் அதை ஈரத் துணி என்று எண்ண எனக்குத் தோன்றவே இல்லை. சந்தனத்தில் நாற்றம் வரும் என்று யார் நினைப்பார்? நீங்கள் விடாமல் கேட்டபோதுதான் உள்ளே நெருடியது. நெருடியதால்தான் அந்தக் கேள்விக்கு மட்டும் எழுதாமல் விட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே புடவையைப் பால்கனிக்குக் கொண்டுபோனேன். கோலில் மாட்டித் தூக்கினேன். தோள் பாதியில் நின்றது. கோல் நழுவி, நனைந்த புடவை முழுவதும் என் தலைமேல் விழுந்து முகத்தோடு ஒட்டிக்கொண்டது. இடக்கையால் இழுக்க இழுக்கச் சுற்றிக்கொண்டது. சத்தம் கேட்டுப் பவ்யா ஓடிவந்தாள். வந்தவள் எட்ட நின்றுவிட்டாள்.

“அத்தை, மடியாச்சே. நான் தொடலாமா? இல்ல குளிச்சிட்டு ஓடியாரட்டா?”

“மூச்சு முட்டுதுடி. எடு!” என்றேன்.

எடுத்தாள். என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். பிறகு புடவையை உதறிக் கொடியில் போட்டாள். அந்த வேலைக்கே அவளுக்கு இரைத்தது. இரண்டு பேரும் பால்கனித் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். முதலில் அவள் சிரித்தாள்.

மாலையில் உலர்ந்ததை மடித்து எடுத்துவந்து, “இது இனிமே மடி ஆவுமா, ஆவாதா அத்தை?” என்று நீட்டினாள். வாங்கிவைத்துக்கொண்டேன். மறுநாள் அதையே உடுத்தித் தளிகை செய்தேன். புயல் நாள்களில் வெயிலே இல்லை. கூடத்து மின்விசிறியின்கீழ் அவள்தான் உலர்த்திக் கொடுத்தாள். “இஸ்திரி வேற போட்டுத் தரட்டா? நெருப்பு பட்டா தோஷம் போயிடும்தானே?” என்று கேட்கவும் கேட்டாள். சாஸ்திரத்தில் அவளுக்கு இவ்வளவு ஞானம் இருப்பதை நான் அறியேன்.

குளியலறைக் கதவும் ஜன்னலும் இப்போது திறந்தே இருக்கின்றன. வேணு விசிறி பொருத்திவிட்டான். கழுவிய சுவர், அந்த மழையிலும் வெளுத்தபடியே நிற்கிறது. பவ்யாவின் இருமல் குறைந்திருக்கிறது. ஆனால் ஹரிதா வருவதற்குச் சில நாள்களே இருக்கின்றன.

கைபட்ட புடவையில் செய்த தளிகையைப் பெருமாள் ஏற்பாரா? நூல் கற்றவர் நீங்கள், எழுதுங்கள்.

அடியாள்
வேதவல்லி


சித்தூர்,
13.12.2023

தங்கை வேதவல்லிக்கு ஆசீர்வாதம். ஜெயம்மா தேறிவருகிறாள். உன் தோளை உடனே வைத்தியரிடம் காட்டு. இது வேண்டுகோள் அன்று, கட்டளை.

நான் அந்த அறையைத் திறந்து பார்த்த விதத்தைச் சொல்கிறேன். நீ சந்நிதியில் இருந்தாய். பவ்யா என்னைத் தனியே அழைத்தாள். மெல்லச் சொன்னால் எனக்குக் கேளாது. உரக்கச் சொன்னால் உனக்குக் கேட்டுவிடும். ஆகவே தாழை நீக்கிக் காட்டினாள். உள்ளே புடவை சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி வியர்த்திருந்தது. நான் உன்னை அழைக்க வாயெடுத்தேன். அவள் உதட்டில் விரல்வைத்து, கைப்பேசியில் தெலுங்கில் எழுதி நீட்டினாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது அல்லவா? அது இவ்வளவுதான்: “அத்தையிடம் சொல்லாதீர்கள் பெரியப்பா. சொன்னால் சமைப்பதையே விட்டுவிடுவார்கள். நான் பெங்களூர் போய்க்கொள்கிறேன்.”

என்ன செய்வேன்? சொன்னால் உனக்கிருக்கும் ஒரே கைங்கரியத்தில் கைவைத்தவன் ஆவேன். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் மூச்சு. விசிறியையும் சுண்ணாம்பையும் எழுதிவிட்டு, அந்த ஒன்றை எழுத முடியாமல் பேனாவை மூடினேன். நீயாகக் கண்டுகொண்டது அவன் அருள்.

நீ கேட்ட சந்தேகத்துக்கு நூல்களைப் புரட்டினேன். தூய்மைக்கு நீர் உண்டு, காற்று உண்டு, கதிரவன் உண்டு. சூலுற்ற மருமகளின் கை தூய்மையைக் கெடுக்கும் என்று சொல்லும் இடம் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். மேலும், தளிகை செய்து, அமுது செய்வித்து, பிரசாதமும் உண்டபிறகு ஏற்றாரா என்று கேட்கிறாய். மறுத்திருந்தால் அன்றே உப்புக் கூடியிருக்கும்.

ஆசிகளுடன்
ஆதிநாராயணன்


திருப்பதி,
19.12.2023

அண்ணன் அவர்களுக்கு அடியாள் தண்டன். மார்கழி பிறந்துவிட்டது. என் தோளுக்கு வைத்தியர் பயிற்சி சொல்லியிருக்கிறார், செய்யும்போது அம்மா என்று கத்துகிறேன், வேணு உள்ளேயிருந்து “இன்னாமா?” என்கிறான்.

வளைகாப்பு நிறைவாக நடந்தது. நீங்கள் அனுப்பிய நாகலாபுரத்து வளையல்களையே முதலில் இட்டேன். ஹரிதா பெரிய பெட்டியோடு வந்திருந்தாள், தங்கையின் துணிகளை வைக்க. முந்திய நாள்தான் டாக்டரம்மாள் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு, சீழ்க்கை ஒலி இல்லை, வீட்டிலேயே இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். ஹரிதா அதை நம்பவில்லை. பந்தி முடிந்ததும் நேரே குளியலறைக்குப் போனாள். சுவரில் உள்ளங்கையை வைத்தாள், மோந்தும் பார்த்தாள். படுக்கையறைப் பக்கமும் அப்படியே. புதுச் சுண்ணாம்பு கையில் ஒட்டிற்று.

“காஞ்சிதான் கீது. இல்லன்னு சொல்லல. ஆனா இன்னிக்கி ஊருக்காக தொடச்சி வெச்சிட்டு, நாளைக்கு மறுபடி வந்தா? இந்தப் புள்ள வாயே தொறக்க மாட்டா. இருமிக்கினே கெடப்பா. எனக்கு இவள தெரியாதா?” என்றாள், எல்லோர் எதிரிலும்.

நான் தலைகுனிந்து நின்றேன்.

பவ்யாதான் பேசினாள். “வந்தா சொல்லுவேன் அக்கா.”

“யார்கிட்ட?”

“அத்தைகிட்டதான். இன்னிக்கி காலைல கூட சொன்னேன், அத்தை, ஜன்னல மூடிட்டீங்க, போய்த் தொறங்கன்னு. போய்த் தொறந்தாங்க. நீ போய்ட்டு வா. நான் இங்கியே பெத்துக்கறேன்.”

ஹரிதா என்னைப் பார்த்தாள். “நெஜமா தொறந்தீங்களா அத்தை?”

“திறந்தேன் அம்மா. அதட்டினாள், திறந்தேன்” என்றேன். சுற்றி இருந்த பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். ஹரிதா அந்தப் பெட்டியை வெறுமையாகவே எடுத்துக்கொண்டு மறுநாள் ரயிலேறினாள்.

அடியாள்
வேதவல்லி


திருப்பதி,
14.2.2024

அண்ணன் அவர்களுக்கு அடியாள் தண்டன் சமர்ப்பித்து எழுதும் மங்களச் செய்தி.

தை மாதத்தில், வெள்ளிக்கிழமை காலையில், பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். தொலைபேசியில் அண்ணி உங்களுக்கு எடுத்துச் சொல்லியிருப்பார். ஆயினும் என் கையால் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

பிறப்புத் தீட்டு நாள்களில் தளிகை இல்லை. என் அடுப்புக்கு ஓய்வு. நேற்று புண்ணியாகவாசனம் ஆயிற்று. அந்தக் குளியலறைக்குக் காலை வெயில் சாய்வாக வருவதை இத்தனை நாள் நான் அறியவே இல்லை. தாழிட்டு வைத்தவளுக்கு எப்படித் தெரியும்? இப்போது தினமும் அந்த நேரத்தில் அங்கே மணைபோட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை என் கால்களில் கிடத்தி எண்ணெய் தேய்க்கிறேன். தோள் முழுதும் எழாததால் நீர் வார்ப்பது பவ்யா. “சூடு போதுமா அத்தை? காதுல படப்போவுது, தலைய சாச்சிப் புடிங்க” என்று அவள் சொல்லச் சொல்ல நான் செய்கிறேன். குழந்தை வீறிட்டு அழுகிறது. இழுப்பில்லாத, சுத்தமான மூச்சு அண்ணா. ஒவ்வோர் அழுகைக்கும் நெஞ்சு நிறைய இழுக்கிறாள். குளிப்பாட்டி முடித்ததும் பவ்யா குழந்தையை வாங்கிக்கொள்ள, நான் வைப்பரை எடுத்துச் சுவரை வழிக்கிறேன்.

பெயர் நீங்கள் சொல்ல வேண்டும்.

அடியாள்
வேதவல்லி


சித்தூர்,
21.2.2024

தங்கை வேதவல்லிக்கு ஆசீர்வாதம்.

பெயரைப் பெற்றவளே சொல்லட்டும். அவள் சொல்லும் பெயரைச் சந்நிதியில் மூன்றுமுறை ஓதும் உரிமை மட்டும் எனக்கு இருக்கட்டும். மாசி முடிவதற்குள் நாங்கள் இருவரும் வருகிறோம்.

குழந்தை நீண்ட ஆயுளும் நிறைந்த கல்வியும் பெறுக. அவளைப் பெற்றவள் நினைத்ததை நினைத்தபடி சொல்லி வாழ்க. கேட்பவர்கள் கேட்கும் மனத்தோடு வாழ்க. இக்கடிதத்தைக் கையில் எடுத்துப் படிப்பவரும், படிக்கக் கேட்பவரும், அவர்தம் மனையும் மக்களும் நோயின்றி இருக்க. அவர்கள் வீட்டுச் சுவர்கள் உலர்ந்திருக்க, ஜன்னல்கள் திறந்திருக்க, வெயிலும் காற்றும் கேளாமலே உள்ளே வந்துபோக. வேங்கடவன் எல்லோரையும் ஒருசேரக் காப்பானாக.

ஆசிகளுடன்
ஆதிநாராயணன்